பிரிக்கவும் கட்டவும்

"பிரிக்க வருது. திருப்பிக் கட்டத்தான் வர மாட்டேங்குது."

காஞ்சிபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும், ஏதோ மூட்டை என்று நினைத்தேன். பக்கத்தில் நிறைமாதமாக அவர் மனைவி. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். உத்திரமேரூரில் இருவரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார்கள். அங்குள்ள பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சின்ன வடிவம்தான் ஓடுமாம். மொத்தமும் அமுக்கி வைத்த ஒரே ஃபைல். தமிழ் எழுத்து சேர்க்க அதைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

"போன தபா நான் கட்டுனதுல கம்ப்யூட்டர் எழும்பவே இல்ல. வந்த பசங்க எல்லாம் திரும்பிப் பூட்டாங்க."

"இனிமே அந்த பேஜார் இல்லீங்க. நேத்து ஒரு புரோகிராம் எழுதி வெச்சிக்கிறேன். 'பிரி'ன்னு அடிச்சா பிரிச்சிடும், 'கட்டு'ன்னு அடிச்சா கட்டிடும்."

"தப்பாப் பூட்டா?"

"பழசு பத்திரமா கீது. அதுலயே எழும்பும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நீ இல்லாமயே நடக்கும்ன்ற."

"நடக்கணும்னுதான செஞ்சேன்."

"தப்பு வந்தா போன் பண்ணலாம்னு இருந்தேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு வராட்டியும் பண்ணுங்க."