பாலத்துக்கு ஏத்த அகலம்

— பேனரைத் தொடாதக்கா, மை இன்னும் காயலை. நீ அகலத்தைக் குறைச்சதுல விமானத்துக்கு ஒரு றெக்கைதான் மிஞ்சுது. “போர் விமானம் வேண்டாம், பிள்ளைங்க வார்டைத் திற.” போதுமா?

— போதும். கடைக் கதவைச் சாத்து.

— வியாபார நேரத்துலயா?

— சாத்துடா தம்பி. நம்ம குழுவுல யாரோ போலீசுக்குச் சேதி சொல்றாங்க. ஊர்வலம் போய்ச் சேர்றதுக்குள்ள லத்தியோட நிக்கிறாங்க.

— நான் சொல்றேன் கேளு, அந்தக் கண்ணாடிக்காரன்தான். போன ஊர்வலத்தை இந்த வாசல்ல நின்னு பார்த்தேனே! எல்லாரும் சந்தைக்குப் போற மாதிரி போறாங்க. அவன் மட்டும் இடது, வலதுன்னு அளந்து வைக்கிறான். அது பட்டாளத்து நடை அக்கா.

— பட்டாளத்துல இருந்தவர்தான். கூட இருந்த சிப்பாய்ப் பையனைச் சண்டையில பறிகொடுத்துட்டு வந்தவர். சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டார்.

— சொல்லுவான், சொல்லுவான். உனக்கு வெளுத்ததெல்லாம் பால்.

— நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். முகம் கொடுத்துக்கூடப் பேசலை. இப்ப ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு பாலத்து வழியா வந்தேன். ரெண்டு பக்கமும் தடுப்பு. தண்ணி பீச்சுற வண்டி வேற நிக்குது.

— பார்த்தியா! நான் சொன்னேன்ல?

— இன்னைக்கு ஊர்வலம் மைதானத்துக்குன்னுதான் அவருக்குத் தெரியும். எல்லாருக்குமே மைதானம்தான். பாலத்துக்குத் திருப்பலாம்னு என் மனசுலதான் வச்சிருந்தேன். சாயங்காலம் கிளம்பும்போது சொல்லலாம்னு.

— பின்னே எப்படிக்கா?

— துணி ஏன் இத்தனை குறுகல்னு கேட்டியே. பாலத்துல அகலத் துணி பிடிச்சா சுவர்ல இடிக்கும்னு ஒருத்தர்கிட்டதான்டா சொன்னேன்.

— அக்கா, நான் சொல்றேன் கேளு...

— அந்த மை டப்பாவைக் கீழ வை. என்னைப் பார்த்துச் சொல்லு.

— ...நான்தான். காசுக்கு இல்லக்கா, அம்மா மேல சத்தியம்! முதல் ஊர்வலம் முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர் இங்க வந்தார். உன் போட்டோவைக் காட்டினார். இந்த வயசுல எலும்பு உடைஞ்சா ஒட்டாதேன்னு ரொம்ப அக்கறையா விசாரிச்சார்.

— அதுக்கு?

— போற இடத்தைச் சொல்றேன், எங்க அக்கா மேல மட்டும் கை வைக்காதீங்கன்னு கால்ல விழுந்தேன். அந்த ஆளும் வாக்கு தவறலை. இத்தனை ஊர்வலத்துல உன் மேல ஒரு கீறல் விழுந்திருக்கா?

— பாவி.

— உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா? திட்டு, அடி. ஆனா நீ முழுசா இருக்கியே, அது போதும்.

— நேத்து கூட்டத்துல அதையேதான்டா கேட்டாங்க. அத்தனை பேர் மண்டையும் உடையுது, இந்த நர்ஸம்மாவை மட்டும் ஏன் தொட மாட்டேங்குறாங்கன்னு. சேதி சொல்றது நான்தான்னு முடிவே கட்டிட்டாங்க.