டார்லீனுக்கு வந்த கடிதங்கள்

எனக்குப் படம் எடுப்பதைவிட மனிதர்களோடு பழகுவதுதான் நன்றாக வரும். 1967 கோடையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹெயிட் தெருவில், தலையில் பூ வைத்துத் திரிந்த ஹிப்பி இளவட்டங்கள் என்னைக் காமிராவோடு வீட்டுக்குள் விட்டதும் அதனால்தான். நீங்கள் தேடி வந்திருக்கும் ஆவணப்படம் அங்கே எடுத்ததுதான். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அவர்களுக்கு நான் கிழவன்.

டார்லீனுக்குப் பதினேழு. நெப்ராஸ்காவில் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு ஓடிவந்தவள். அவள் இல்லாத காட்சிகள் உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

ஓடிவந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதும் கடிதங்களை ஒரு தேவாலயத்து வாசல் பலகையில் குத்தி வைப்பார்கள். வயது குறைந்தவர்களைப் பிடிக்கப் போலீசும் அங்கேயே நிற்கும். அதனால் அவள் என்னைத்தான் அனுப்புவாள்.

"கிழவா, எங்கம்மா ஏதாச்சும் எழுதியிருக்காளா?"

"இல்லம்மா."

"கண்ணாடி போட்டுட்டுத்தான பாத்த?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

"சரி விடு. அவ கோவக்காரி. நானாப் போய் நின்னா மூஞ்சிலயே கதவச் சாத்துவா."

முதல் கடிதம் ஜூலையிலேயே வந்துவிட்டது. என் சட்டைப்பையில் இருந்தது. அவள் ஊருக்குப் போனால் படம் பாதியில் நின்றுவிடும். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

நவம்பரில் அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இலவச மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். டாக்டரை நானேதான் போய் அழைத்துவந்தேன், கையிலிருந்த பிலிம் தீர்ந்த பிறகு. அன்று பிற்பகல் ஜன்னல் வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. அவள் காமிராவைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்டாள். "இல்லம்மா" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் இறந்துபோனாள். எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது, இன்றுவரை ஆறவில்லை.

படத்தை மூன்றே ஊர்களில் திரையிட்டேன். மூன்றிலும் அவள் முகம் திருப்பும் காட்சியைத்தான் பாராட்டினார்கள். மூன்றாவது ஊரில் அவள் அம்மா வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"எழுதினேனே தம்பி, எட்டு எழுதினேன். வாடி, எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதினேன். ஒண்ணுகூடவா போய்ச் சேரல?"

"தபால்ல எத்தனையோ தொலைஞ்சு போகுதும்மா."

படத்தை அன்றோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தத் தாயின் மனம் மேலும் நோகக் கூடாது, வேறொன்றுமில்லை.

இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் எட்டுக் கடிதங்களும் இருக்கின்றன. ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.