கவிழ்த்து வைத்த சட்டி

தோள்பட்டை வலிதான் ஐயா, வேறொன்றுமில்லை. வலது பக்கம். மண்வெட்டி பிடிக்கிறவன் எல்லாருக்கும் இருப்பதுதான். சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. நீங்கள் பேனாவால் மேசையைத் தட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டால் கேட்டதையெல்லாம் சொல்கிறேன்.

நகரத்தில் கலைவாரம் நடந்தது உங்களுக்கே தெரியும். சுவருக்குச் சுவர் சுவரொட்டி. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் ஓவியம், பழைய கிடங்கில் மட்டும் ‘மண்ணுக்கடியில்’ என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு ஆள் பெட்டிக்குள் படுப்பார். பெட்டியைக் குழியில் இறக்கி மண் போட்டு மூட வேண்டும். சனங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். சாயங்காலம் தோண்டி எடுக்க வேண்டும். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். படுக்கிற கலைஞரை நாங்கள் தாடிக்காரர் என்போம்.

எங்கள் மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “குழிக்குள்ள படுக்கறதுக்கு டிக்கெட்டா? நம்ம ஆளுங்க வருஷம் பூரா படுக்கறானுங்க, எவன்டா கை தட்டினான்?”

தாடிக்காரரும் சேர்ந்து சிரித்தார். நல்ல மனிதர். எங்களோடு தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அப்படி ஒரு டீ வேளையில்தான் தம்பி கதையைச் சொன்னேன். சாக்கடைக் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் சரிந்தது, தம்பி அடியில் மாட்டிக்கொண்டான். கைக்கு எட்டிய இரும்புக் குழாயை அவன் தட்டினான், மேலே எங்களுக்குக் கேட்டது. நான் வெறுங்கையால் தோண்டினேன், நகமெல்லாம் பிய்ந்து ரத்தம் வந்தது, ஆனாலும் அவனை உயிரோடு எடுக்க முடியவில்லை. இப்படித்தான் சொன்னேன். தம்பி பொண்டாட்டியிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் குழந்தையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். எனக்குத் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் அவள் என் விரல்களை ஒருமுறை பார்ப்பாள்.

“எப்படித் தட்டினாரு? தட்டிக் காட்டுங்களேன்” என்றார் தாடிக்காரர்.

டீ கிளாஸில் கரண்டியால் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாள் ஒத்திகையில் மண்ணுக்கடியிலிருந்து அதே தட்டு வந்தது. நிதானமாக ஒன்று, பிறகு அவசரமாக இரண்டு. மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. மேஸ்திரி என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

பெட்டிக்குக் காற்று போக ஒரு இரும்புக் குழாய் வைத்திருந்தோம். அதைத்தான் அவர் உள்ளிருந்து தட்டுவார். அதன் வாய் மண்மேட்டுக்குப் பின்னால், நான் நிற்கிற இடத்தில். விழா நடத்துகிற மேடம் அப்படித்தான் வைக்கச் சொன்னார். “குழாய் தெரிஞ்சா பார்க்கறவங்களுக்குப் பயம் போயிடும்.”

எங்கள் இருவருக்குள் மட்டும் ஒரு ஏற்பாடு. “உங்க தம்பி மாதிரி தட்டினா அது நிகழ்ச்சி. விடாம தட்டினா தோண்டுங்க. மேடம்கிட்ட சொல்லாதீங்க, பயந்துபோய் நிகழ்ச்சியையே நிறுத்திடுவாங்க” என்றார் தாடிக்காரர்.

நிகழ்ச்சியன்று காலையில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கை போட்டார், வலிக்கிற தோளில்.

“மேஸ்திரிகிட்ட பேசினேன் அண்ணே. நீங்க தோண்டவே இல்லையாமே. தள்ளி நின்னு காதைப் பொத்திக்கிட்டீங்களாமே.”

நான் குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

“இதுல என்ன வெட்கம்? பயப்படாத மனுஷன் யாரு? என் நிகழ்ச்சியே அதைப் பத்தினதுதான். சாயங்காலம் வெளிய வந்ததும் எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லப்போறேன். உங்க தம்பி சம்சாரத்தையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க என் பக்கத்துல நில்லுங்க. பாரம் இறங்கிடும்.”

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியை இறக்கி மூடினோம். அடுக்கடுக்காக மண் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கினேன். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மேஸ்திரி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். சனம் வந்தது. அவளும் வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்த நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் முன்வரிசையில் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் வரை தம்பியின் தட்டு வருவதும் நிற்பதுமாக இருந்தது. பிறகு தட்டு மாறியது. விடாமல் வந்தது. குனிந்து குழாயில் காதை வைத்தேன்.

“அண்ணே, பயமா இருக்கு. எடுத்துடுங்க.”

மண்ணுக்கடியிலிருந்து வந்தால் எல்லாக் குரலும் ஒரே குரல்தான் ஐயா. அன்றைக்குப் போலவே தள்ளிப் போகப் பார்த்தேன். ஓடினால் சனம் பார்க்கும். தோண்டினால் அவர் வெளியே வந்து பேசுவார். காலடியில் மண் அள்ளுகிற இரும்புச் சட்டி கிடந்தது. வேலை முடிந்தால் சட்டியைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பழக்கம். குழாயின் வாய்மேல் அதைக் கவிழ்த்தேன். விளிம்பைச் சுற்றி ஈரமண்ணை அணைத்து மிதித்துவிட்டேன். பழகிய கால், அதுபாட்டுக்குச் செய்தது.

குரல் நின்றது. தட்டு நிற்கவில்லை. சட்டியும் சேர்ந்து அதிர்ந்ததால் முன்னைவிடப் பெரிதாகவே கேட்டது. அந்தக் குழாய் வழியாகத்தான் அவருக்கு வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெட்டி அவர் உடம்பளவுக்குச் செய்தது. அதற்குள் காற்று அதிக நேரம் நிற்காது என்பது மட்டும் முன்பே தெரியும்.

சனம் அசந்துபோனது. யாரோ ஒருவர் தட்டுக்கு ஏற்றபடி கை தட்ட ஆரம்பிக்க, கிடங்கு முழுக்கச் சேர்ந்துகொண்டது. மேடம் மேட்டுக்குப் பின்னால் வந்து, சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்தார்.

“ஒத்திகையில இப்படிப் பண்ணலையே. பிரமாதம்ல?”

“ஆமாங்க மேடம்.”

ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. மேடம் போனதும் தம்பி பொண்டாட்டி எழுந்து மேட்டைச் சுற்றி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“மாமா, உள்ள இருக்கறவரு நடிக்கல. தோண்டுங்க மாமா.”

“நிகழ்ச்சிம்மா. அப்படித்தான் பழகியிருக்காரு. போய் உக்காரு.”

“அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சவன்தானே சொல்றேன்.”

போய் உட்கார்ந்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். தன் புருஷனுக்காக நகம் பிய்யத் தோண்டியவன் சொன்னதால் கேட்டாள்.

தட்டு தளர்ந்தது. பிறகு நின்றது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மேடம் சைகை காட்டியதும் சட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன். மண்வெட்டியைத் தொடவில்லை. முட்டிபோட்டு வெறுங்கையால் தோண்டினேன். நானே இறுக்கிய மண், லேசில் வரவில்லை. நகம் பிய்ந்தது, ரத்தம் வந்தது. இதோ, இந்தக் கட்டெல்லாம் அதற்குப் போட்டதுதான். அவள் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். நான் தோண்டவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெட்டியைத் திறந்தபோது தாடிக்காரருக்கு மூச்சு இல்லை, விபத்து என்றே எல்லாரும் நினைத்தார்கள். வீட்டில் அவள் குழந்தையின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். “சட்டியை ஏன் மாமா அங்க கவிழ்த்து வெச்சிருந்தீங்க?”

குரலில் கோபம் இல்லை ஐயா. குழந்தையைத் தனக்குப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டாள். என்னைக் கண்டு ஒரு ஆள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தாடிக்காரருக்கு நான் எதுவும் பாக்கி வைக்கவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று சனங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார், காட்டிவிட்டார்.

பாக்கி தம்பிக்குத்தான். அவன் தட்டிய குழாயின் மறுமுனை நான் நின்ற இடம்வரை நீண்டு கிடந்தது. பள்ளத்தில் இறங்கக்கூட வேண்டாம். குனிந்து ஒரு கல்லால் திருப்பித் தட்டியிருந்தால், மேலே அண்ணன் இருக்கிறான் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு தட்டு நான் அவனுக்குத் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.