பாக்கியம் நடந்தால் காவடி

என் ரசத்தைப் பற்றி இந்த பிளாக்கில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், நல்லபடியாகத்தான் சொல்வார்கள். என் மனைவி பாக்கியலட்சுமிக்குப் பக்கவாதம் வரும்வரை எனக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. அறுபது தாண்டிய பிறகு அடுப்படிக்குள் நுழைந்தவன் நான். முதல் மாதம் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கு குழறியபடியே, "பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டாள். நோய் வந்த பிறகு அவள் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் பேச்சு அதுதான். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நீங்கள் மருத்துவமனையின் சமூக ஊழியர். வைஷாலி என்று உங்கள் அட்டையில் பார்த்தேன். என் மனைவி எப்படி விழுந்தாள் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அவள் உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசுவோம்.

என் வேண்டுதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் ஒரு வாய்ச்சவடால் பேர்வழி. தைப்பூசம்தோறும் என் மைத்துனன் மருதப்பன் உடம்பு முழுக்க வேல் குத்திக்கொண்டு, சிராங்கூன் சாலையிலிருந்து டாங்க் ரோடு முருகன் கோயில்வரை அலகுக் காவடி சுமப்பான். நான் முக்காலியும் தண்ணீர் போத்தலும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடப்பேன். எங்கே நிற்க வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்று வழிநெடுக அவனுக்கு யோசனை சொல்வேன். வழியில் டோபி காட் வருவதற்குள் என் தொண்டை கட்டிவிடும். நான் ஒரு வேல்கூடக் குத்திக்கொண்டதில்லை. எனக்கு ஊசி என்றால் பயம். பட்டாளத்தில் தேசிய சேவைக்கு ரத்தம் எடுத்தபோதே மயங்கி விழுந்தவன் நான். கோவிட் தடுப்பூசிக்கு பாக்கியம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் நினைவில்லாமல் கிடந்த அன்று, அக்கா பிழைத்தால் பால்குடம் எடுப்பதாக மருதப்பன் வேண்டிக்கொண்டான். தம்பியே பால்குடம் என்றால் புருஷன் என்ன சொல்வது? எல்லோர் முன்னாலும், "அவ எழுந்து நடந்தா நான் அலகுக் காவடி எடுக்கிறேன்," என்றேன். மகள் கவிப்ரியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருதப்பன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவ்வளவு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அங்கேயே வாயை மூடியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தேன்.

அடுத்து வந்த தைப்பூசத்துக்கு அவள் சக்கர நாற்காலியில்தான் இருந்தாள், அதனால் பேச்சே எழவில்லை. அப்புறம் மெல்ல மெல்லத் தேறினாள். ஒரு நாள் வலது கையால் தானே சோறு பிசைந்து சாப்பிடுவாள், மறுநாள் கரண்டியைத் தூக்கி எறிவாள். டிவி சத்தத்துக்குச் சண்டை, மாத்திரைக்குச் சண்டை. கவிப்ரியா குவீன்ஸ்டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன்கறி கொண்டுவந்தால், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு உப்பு ஜாஸ்தி என்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான். இதை நான் உண்மையாகவே சொல்கிறேன்.

தெரபி கொடுத்த பெண் கெட்டிக்காரி. பாக்கியம் வாக்கரைப் பிடித்து நின்றாள், பிறகு நாலு எட்டு வைத்தாள். அன்று மாலையே மருதப்பன் டேப்போடு வந்துவிட்டான். "அத்தான், தோள் அளவு எடுக்கணும் லா. காவடி செய்யறவரு கேக்கறாரு." டேப் தோளில் பட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது.

மறுநாள் தெரபிக்குப் போன் போட்டு, அவளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, இந்த வாரம் வர முடியாது என்றேன். அடுத்த வாரமும் ஏறியது. பாக்கியத்திடம், "ரொம்ப நடந்தா இன்னொரு ஸ்ட்ரோக் வரும்னு டாக்டர் சொல்றாரு," என்றேன். டாக்டர் சொன்னால் நம்புவாள். நான் சொன்னாலும் நம்புவாள். ஒரு தைப்பூசம் தள்ளிப்போனால் போதும், அதற்குள் எனக்கே ஏதாவது வியாதி வந்துவிடும், இந்த வயதில் அலகு வேண்டாம் என்று யாராவது தடுத்துவிடுவார்கள் என்பதுதான் என் திட்டம். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தினமும் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டேன். நடக்க மட்டும் விடவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். அடுத்த வீட்டு ஹஸீனாவின் கையைப் பிடித்தபடி, ஊன்றுகோலோடு, பாக்கியம் நடைபாதையில் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தாள். நான் வெளியே போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ரகசியமாக நடந்து பழகியிருக்கிறார்கள்.

"இன்னொரு ஸ்ட்ரோக் வந்தா வரட்டும்," என்றாள் பாக்கியம். "நீங்க வேண்டிக்கிட்டது என்னால வீணாப் போகக்கூடாதுல்ல?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே," என்றாள் ஹஸீனா. "சண்டே கவி வரும்போது சர்ப்ரைஸா நடந்து காட்டப் போறாங்க."

ஹஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். கவிப்ரியா பார்த்தால் அடுத்த நிமிஷம் மருதப்பனுக்குப் போன் போகும்.

சனிக்கிழமை காலை தரை துடைத்தேன். தினமும் துடைப்பவன்தான். அன்று படுக்கையறை வாசலில் மட்டும், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிப் பரப்பினேன். ஊன்றுகோல் துடைப்பதற்கு இடைஞ்சலாக இருந்தது, அதையும் எடுத்துச் சமையலறையில் வைத்தேன். அப்புறம் ஹாலில் நின்றுகொண்டு, "பாக்கியம், எனக்கு மட்டும் ஒரு தடவ நடந்து காட்டும்மா," என்று கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள்.

லேசாகச் சறுக்கும், பயந்துபோய்க் கொஞ்ச காலம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். இடுப்பு எலும்பை நான் யோசிக்கவில்லை. அவள் தரையில் கிடந்து, "என்னங்க, என்னங்க," என்று கூப்பிட்டாள். நான் முதலில் சோப்பைச் சுத்தமாகத் துடைத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். ஹஸீனா கம்பிக் கதவு வழியாகப் பார்த்தது அதைத்தான். உங்களிடம் அவள் பொய் சொல்லவில்லை.

இனி அவளால் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது ஓவென்று அழுதேன். அது நடிப்பில்லை. அழும்போதே என் தோள் இரண்டும் லேசானதும் நிஜம். பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்வதென்றால் கோவிந்தசாமி மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கோயிலில் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேனே என்று பார்க்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், கேட்க நன்றாக இருக்கும்.

பொங்கலன்று பாக்கியம் மருதப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "நான் நடக்கலன்னா என்னடா, உசுரோட இருக்கேன்ல? முருகன் அதையாவது குடுத்தானே. உங்கத்தான் இந்த வருஷமே எடுக்கட்டும். நான் வீல்சேர்ல கூடவே வர்றேன்," என்றாள். மருதப்பன் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து நான் விரதம். என் தோள் அளவுக்குச் செய்த காவடி, உள்ளே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேல் குத்தும்போது நான் பக்கத்துலயே இருப்பேன், பயப்படாதீங்க," என்றாள்.

தைப்பூசம் அடுத்த வாரம். நீங்கள் போலீசிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: அவர்கள் இந்த வாரத்துக்குள்ளேயே வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவார்கள் அல்லவா?