கை நீட்ட ஓர் ஆள்

வெளியூரில் அலையும் பிரதிநிதியின் கடிதத்துக்கு ஏழு நாளில் பதில் எழுத வேண்டும் என்பது கம்பெனி விதியாம். ஆடிச் சாரலில் தென்காசி ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது, என் பெஞ்சின் மறுகோடியில் இருந்த இளைஞர் சொல்லக் கேட்டேன். மதுரைப் பேச்சு, மடியில் தோல்பெட்டி.

பக்கத்திலிருந்த வடகரை விவசாயியிடம் அவர் முதலில் கேட்டது இது: "அண்ணாச்சி, உங்க கையைக் கொஞ்சம் தருவீங்களா?"

"எதுக்குவே?"

"ரத்த அழுத்தம் பாக்குற மிஷின் விக்கிறேன். டாக்டர் முன்னால வேற ஒருத்தர் கையில கட்டிக் காட்டணும். குற்றாலம், இலஞ்சி எல்லாம் கேட்டுட்டேன். ரத்தத்தை உறிஞ்சிரும்னு ஒருத்தரும் கை நீட்டலை. புரட்டாசிக்குள்ள ஒண்ணாவது விக்கலைன்னா வேலை போயிரும். கூட ஓர் ஆள் அனுப்புங்கன்னு ஆனி முதல் தேதியே கம்பெனிக்கு எழுதினேன். பதிலே இல்லை."

"வலிக்குமோ?"

"லேசா இறுக்கும்."

"எங்க வீட்டுக்காரி பிடிய விடவா இறுக்கிரும்? கட்டும்வே."

அதற்குள் கம்பவுண்டர் வந்து, டாக்டர் செங்கோட்டைக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்.

"நாளைக்கும் வருவீங்களா அண்ணாச்சி?"

"நாளைக்கு நடவுல்லா வே."

இளைஞர் பெட்டியை மூடினார்.

பிறகொரு முறை மருந்துக்குப் போனேன். அவர் பெட்டி இல்லாமல் வந்து, கம்பவுண்டரிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். கையில் கம்பெனியின் கடிதம். ஆள் அனுப்ப இயலாது, உள்ளூர் நண்பர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்களாம்.

"எந்த நண்பரைன்னு எழுதலை சார்," என்றார்.

பதில் வந்த தேதி, ஐப்பசி ஒன்று.