பத்துத் துடுப்பு ரயர்

— எட்டோ பத்தோ எண்டு மட்டும் சொல்லுங்கோ தவண்ணை. மிச்சத்தை அவன் பாத்துக்கொள்ளுவான்.

— உதைக் கேக்கத்தான் லா சப்பலுக்கு ஓடிவா எண்டு கூப்பிட்டனீரோ பூரணி? உமக்கு என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்.

— ரெலிபோனிலை சொல்லியிருந்தா வந்திருப்பியளோ? என்ரை மகன் சஞ்சீவன் மூண்டுதரம் எடுத்தவன். மூண்டுதரமும் "வேறை ஆரையும் கேள் தம்பி" எண்டுபோட்டு வைச்சிட்டியள். இருங்கோவன். கதிரையிலை கிடக்கிற சீலையைத் தூக்கி மேசையிலை போடுங்கோ.

— நிண்டுகொண்டே கதைக்கிறன். லா கூர்னெவ்விலை, கறாஜிலை, ஒரு கார் தூக்கினபடி நிக்குது.

— நிக்கட்டும். ஒண்டரை வருசமா இந்தத் தையல்கடைப் படி மிதிக்காத மனிசன். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டன்.

— சரி, தாரும். ஆனா ரயர்க் கதை வேண்டாம். நான் ரயர் வேலையை விட்டிட்டன். இப்ப ஒயில் மாத்திறன், பிறேக் பாக்கிறன். ரயர் எண்டு ஆரும் வந்தா பக்கத்திலை நிக்கிற அல்ஜீரியாக்காரனைக் கைகாட்டி விடுறன்.

— இருவத்திரண்டு வருசம் ரயர் பூட்டின கை. தவரத்தினம் பூட்டின ரயர் வழியிலை விடாது எண்டு எபினேயிலையிருந்தெல்லாம் உங்களைத் தேடி வந்தவை.

— கை மறந்துபோச்செண்டு வையுமன்.

— கை மறக்காது அண்ணை. நான் கண்ணை மூடிக்கொண்டு கொக்கி தைப்பன். பாருங்கோ, நான் சுத்தி வளைக்கேல்லை. அவன் திரும்பவும் மொறோக்கோவுக்குப் போறான். வாற மாசி. அந்த மணல்மேட்டுக்கேதான்.

— அந்தக் காலோடையோ?

— அந்தக் காலோடைதான். கால் மடக்கப் பழக்கின கினேக்காரி இனிக் காணும் எண்டு விட்டிட்டா. உள்ளுக்கை இருக்கிற தகடும் ஆணியும் இருந்தபடி இருக்கட்டுமாம். படி ஏறேக்கை மட்டும் கொஞ்சம் இழுக்கிறான். கூட்டாளி யதுர்ஷனோடை சேந்து, மணல்மேட்டிலை ஏறி ஓடுற வேறை ஒரு வண்டியும் எடுத்தாச்சு.

— நீர் மறிக்கேல்லையோ?

— மறிச்சன். ரெண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்து பாத்தன். "விழுந்த இடத்திலை போய் எழும்பி வரவேணும் அம்மா, இல்லாட்டி நான் சாகுமட்டும் அங்கைதான் கிடப்பன்" எண்டு பிரெஞ்சிலை சொன்னான். எனக்கு வடிவா விளங்கினது. இருவத்தாறு வயசுப் பிள்ளையைக் கட்டியே வைக்கிறது? போறதெண்டா சரியான ரயரோடை போகட்டும்.

— இன்ரநெற்றிலை கனக்கக் கிடக்கே.

— பாத்தவன். அமெரிக்காக்காரன் ஒண்டு சொல்லுறான், அரபுக்காரன் வேறொண்டு சொல்லுறான். "தவம் மாமா தெரிஞ்சு தந்தாத்தான் பூட்டுவன், இல்லாட்டி றோட்டிலை ஓடுற ரயரோடையே மணலுக்கை இறங்குவன்" எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறான்.

— இறங்கட்டும். றோட்டு ரயரெண்டா அச்சுமட்டும் புதைஞ்சு நிண்டிடுவான். புதைஞ்சவன் உருளமாட்டான்.

— உப்பிடிக் கதைக்காதேங்கோ.

— பின்னை என்னெண்டு கதைக்கச் சொல்லுறீர்? இந்தத் தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி போட்டனீர்?

— உங்களுக்கு மூண்டுதானே.

— அது முந்தி. இப்ப டொக்டர் ஒண்டும் வேண்டாமெண்டிட்டார். பரவாயில்லை, குடிக்கிறன். அதென்ன, கல்லாவுக்கு மேலை வெறும் ஆணி நிக்குது? வண்டிக்கு மாலை போட்டு எடுத்த படத்தை அம்மா பெரிசாக்கிக் கடையிலை மாட்டப்போறா எண்டு சஞ்சீவன் போகமுதல் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவனே.

— மாட்டினனான். பேந்து கழட்டிட்டன். நூல் தட்டுக்கு இடம் காணாமல் போச்சு.

— கோயிலடியிலை எடுத்ததாக்கும். காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற றொமோர்க்கிலை ஏத்தி வைச்சபடிதானே பூசை செய்தனீங்கள்?

— ஓம். ஐயர் றொமோர்க்கிலை ஏறி நிண்டுதான் கற்பூரம் காட்டினவர். தேத்தண்ணி ஆறப்போகுது அண்ணை. எனக்கு விளங்கிறமாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ, எட்டெண்டா என்ன, பத்தெண்டா என்ன? எல்லாம் ரப்பர்தானே?

— எல்லாச் சீலையும் துணிதானே எண்டு நான் உம்மட்டைச் சொன்னா விடுவீரோ?

— விடமாட்டன். அதுக்குத்தான் கேக்கிறன்.

— நீர் சும்மா இருக்கிறவன்ரை வாயைக் கிண்டுறீர். கேளும். மணலுக்கை மற்ற ரயர் சுத்தும், வண்டி அசையாது. அதுக்குப் பின்ரயரிலை குறுக்குக் குறுக்கா உயரமான ரப்பர் தகடு வைச்சிருக்கும். தோணிக்குத் துடுப்பு மாதிரி மணலைக் கோலிக் கோலிப் பின்னுக்குத் தள்ளும், வண்டி முன்னுக்குப் போகும். அந்தத் தகடு எட்டு வைச்ச ரயரும் இருக்கு, பத்து, பன்னிரண்டு வைச்சதும் இருக்கு.

— கூட இருந்தா நல்லம்தானே.

— எல்லாரும் உப்பிடித்தான் நினைக்கிறது. கூட இருந்தாக் கூட மணலை அள்ளும், அவ்வளவையும் தள்ள எஞ்சினுக்குச் சத்து வேணும். ரயரைத் தெரியமுதல் எஞ்சினைத்தான் அளக்கவேணும். சின்ன எஞ்சினுக்குப் பெரிய துடுப்புப் போட்டா மேட்டிலை பாதி ஏறேக்கை மூச்சடைச்சு நிண்டிடும். மணல்மேட்டிலை அந்த இடத்திலை மட்டும் நிக்கப்படாது பூரணி. நிண்டா வண்டி பக்கவாட்டிலை சரியும். சரிஞ்சா உருளும்.

— அவன்ரை எஞ்சின் சின்னனோ?

— சின்னன். எட்டுத்தான் அளவு. எனக்கு வடிவாத் தெரியும்.

— அப்ப ஏன் அண்ணை பத்து?

— அதை நீர் கேக்கக்கூடாதெண்டுதான் இந்தப் பக்கம் வராமல் இருந்தனான்.

— இப்ப கேட்டிட்டன்.

— கேட்டிட்டீர். சொல்லுறன். அவனோடை போனதுகள் எல்லாம் வெள்ளைக்காரப் பெடியள், எல்லாற்றையும் பெரிய எஞ்சின். எங்கடை பிள்ளை கடைசியா ஏறி வாறதோ எண்டு எனக்கு ஒரு கொதி. மெல்லிசான பத்து, எஞ்சின் இழுக்கும், முதல் ஆளா உச்சியிலை நிப்பாய் எண்டு அவனுக்குச் சொன்னன். எட்டுப் போதும் மாமா எண்டுதான் அவனும் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை. ஆசை கண்ணை மறைச்சுப்போட்டுது. என்ரை பெருமைக்கு உம்மடை பிள்ளையின்ரை காலை உடைச்சுப்போட்டன்.

— அண்ணை.

— பொறும், சொல்லி முடிக்கிறன். அவனைக் கொண்டுவந்த அண்டைக்கு ஆஸ்பத்திரி வாசல்லை நான் உமக்குச் சொன்னன், எல்லாம் என்னாலைதான் எண்டு. நீர் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்குத் தீர்ப்பு. அண்டையிலையிருந்து ஒரு ரயரைத் தொட்டா அவன்ரை கால்தான் கைக்குள்ளை வருது. உம்மடை மகள் தயாளினியின்ரை கலியாணத்துக்கும் வராமல் விட்டது உதாலைதான். காய்ச்சலெண்டு பொய் சொன்னனான்.

— காய்ச்சலில்லையெண்டு எனக்குத் தெரியும். நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லைத்தான். கொஞ்சம் இருங்கோ, பொத்தான் டின்னை எடுத்துக்கொண்டு வாறன்.

— இப்ப என்னத்துக்குப் பொத்தான்?

— பொத்தானில்லை. இதைப் பாருங்கோ. வண்டி உருண்ட இடத்திலை யதுர்ஷன் பொறுக்கினதாம். சஞ்சீவன் ஆஸ்பத்திரியிலை தலாணிக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருந்தவன். நான் கண்டெடுத்தன். "மாமாட்டைக் காட்டாதேங்கோ" எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவன்.

— இது துடுப்பு. நான் பூட்டின ரயரிலை இருந்த துடுப்பு. இதேன் தனியக் கழண்டது?

— நீங்கள்தான் சொல்லவேணும்.

— லைற்றைப் போடும். ஊசி கோக்கிற கண்ணாடி இருந்தாத் தாரும். அடியோடை கிழிஞ்சிருக்கு. இஞ்சை, இந்த விளிம்பைத் தடவிப் பாரும்.

— சொரசொரவெண்டிருக்கு.

— மணல் ரப்பரை மினுக்கும், உப்பிடிக் கடிக்காது. ஒருபக்கமா அரைச்சுக் கிடக்கு. இந்தக் கருப்பு, இந்தக் குறுணிக்கல். பூரணி, இது தார். இந்த ரயர் தார் றோட்டிலை ஓடியிருக்கு.

— ஓடினா என்ன செய்யும்?

— என்ன செய்யுமோ? இந்தத் துடுப்பு மணலுக்கு மட்டும் செய்தது. தாரிலை ஓடினா வண்டியின்ரை பாரம் முழுக்க இந்த நுனியிலை விழும். ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு வளைஞ்சு அடியிலை வெடிக்கும். வெளியிலை பாத்தாத் தெரியாது. பேந்து மணலிலை பாரம் வர ஒரு பக்கம் பிய்யும். ஒரு பக்கம் தள்ளும், மற்றப் பக்கம் தள்ளாது. வண்டி சுழண்டு அடிக்கும்.

— சுழண்டுதான் விழுந்ததெண்டு யதுர்ஷன் சொன்னவன். எஞ்சின் நிக்கேல்லையாம்.

— எஞ்சின் நிக்கேல்லையோ?

— கடைசி மட்டும் இரைஞ்சுகொண்டுதான் இருந்ததாம்.

— அப்ப பத்தாலை இல்லை. பிள்ளையாரே. பத்தாலை இல்லை பூரணி. ஒண்டரை வருசம். மனிசி பக்கத்திலை படுத்திருக்க நான் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தனே. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் எண்டது எனக்குத்தான் சரி.

— கண்ணைத் துடையுங்கோ அண்ணை. இந்தாங்கோ, வெட்டுத்துண்டுதான், சுத்தமானது.

— படிச்சுப் படிச்சுச் சொன்னன் அந்தப் பெடிக்கு. றொமோர்க்கிலை ஏத்து, றொமோர்க்கிலை இறக்கு, மணலிலை மட்டும் நிலத்திலை வை, தாரிலை ஒரு சுத்துக்கூட ஓடாதை எண்டு. தலையைத் தலையை ஆட்டினான். பிழையைத் தான் விட்டுப்போட்டு என்னட்டை ஒளிச்சிருக்கிறான், என்ன? நான் உருகிச் சாகிறதைப் பாத்துக்கொண்டு. ரெலிபோன் எங்கை? இப்பவே அவனை இஞ்சை வரச்சொல்லுறன்.

— எடுக்காதேங்கோ. முதலிலை எட்டோ பத்தோ எண்டு சொல்லுங்கோ. பேந்து நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அதைச் சொன்னாப் பிறகு நீங்கள் எனக்கு வாய் திறக்கமாட்டியள்.

— எட்டு. எழுதும். பின்னுக்கு எட்டுத் துடுப்பு, உயரம் குறைஞ்சது. முன்னுக்குப் பல்லில்லாத அழுத்தமான ரயர், திருப்பிறதுக்கு நடுவிலை ஒரு வரம்பு மட்டும். காத்து பாதிக்கும் குறைய. ஒண்டும் எழுதவேண்டாம், நானே போய்த் தெரிஞ்சு என்ரை கையாலை பூட்டுறன். தாரிலை இறக்கமாட்டன் எண்டு அவன் உமக்கு முன்னாலை சத்தியம் பண்ணவேணும். அதுக்குப் பிறகுதான் பூட்டுவன்.

— அவன் அண்டைக்கும் இறக்கமாட்டன் எண்டுதான் நிண்டவன்.

— எண்டைக்கு?

— இந்தப் படத்தைப் பாருங்கோ. மேசை லாச்சிக்கை கவிட்டு வைச்சிருந்தனான்.

— மாலை போட்ட படம். வடிவாத்தான் நிக்கிறான். இதென்ன, வண்டி நிலத்திலையெல்லோ நிக்குது? பின்னுக்குத் தெரியிறது கோயிலில்லையே. உம்மடை கடைப் பலகையெல்லோ.

— றொமோர்க்கிலை வைச்சு ரயருக்குக் கீழை வைச்ச பூசைத் தேசிக்காய் வடிவா நசியேல்லை எண்டு நான்தான் கீழை இறக்கச் சொன்னனான். "மாமா கூடாதெண்டவர் அம்மா" எண்டு கெஞ்சினவன். தேசிக்காய் நசியாத வண்டியிலை என்ரை பிள்ளையை அனுப்பமாட்டன் எண்டு றோட்டிலை நிண்டு அழுதன். இறக்கினான், நசிச்சான்.

— நாலு தேசிக்காய் நசிக்கிறது ஒரு முழத் தூரம். அதாலை துடுப்பு உப்பிடி அரைபடாது பூரணி.

— அரைபடாது. அதோடை ஏத்த விட்டிருந்தா என்ரை மனம் ஆறியிருக்கும், சாமிக்குச் செய்ததெண்டு சொல்லியிருப்பன். சாமிக்கில்லை அண்ணை. மாலை போட்ட வண்டியிலை என்ரை பிள்ளை வாறதை லா சப்பல் சனம் பாக்கவேணுமெண்டு, கோயிலடியிலையிருந்து இந்த வாசல்மட்டும் மூண்டுதரம் அவனைத் தாரிலை ஓடவைச்சது நான்தான், ஆஸ்பத்திரி வாசல்லை எல்லாம் உங்களாலை எண்டு நீங்கள் அழேக்கையும் எனக்கு அது தெரியும்.