திடீர் பிரேக் இல்லாத பயணம்

மனித உயிரைக் காப்பதைவிடப் புனிதமான பணி இந்த உலகத்தில் இல்லை. ஒன்பது வருடங்களாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில், கழிவறையை ஒட்டிய அறையில், கால் ஆடுகிற ஒரு மேசையில் உட்கார்ந்து. ஆட்டம் நிற்க, வாடிக்கையாளர் சம்மதப் படிவம் ஒன்றை மடித்து அடியில் வைத்திருந்தோம். நாற்பத்திரண்டு பக்கம் என்பதால் உயரம் கச்சிதமாக இருந்தது.

எங்கள் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் அந்த அறைக்குப் பெயர் பாதுகாப்புப் பண்பாட்டுப் பிரிவு. வேலை ஒன்றும் சிக்கலில்லை, மேடம். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிவிடுவோம். வண்டி எங்கே போகிறது, என்ன வேகம், எங்கே நிற்கிறது, பிரேக்கை எப்படி மிதிக்கிறார்கள், எல்லாம் எங்கள் திரைக்கு வந்துவிடும். அதைப் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம். அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் இருந்தால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம். திடீர் பிரேக் போட்டால் மதிப்பெண் குறையும், ஏனென்றால் திடீர் பிரேக் போடுகிறவர் கவனமில்லாதவர். இது நான் கண்டுபிடித்ததில்லை. மேலிருந்து வந்தது. மேலே என்றால் நான்காம் மாடி.

இந்த வருடம் ஆளுக்குப் பத்து வாடிக்கையாளர்களை இந்தக் கருவித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றார் பிரிவுத் தலைவர். "நாம வண்டிக்கு இன்சூரன்ஸ் குடுக்கல. சமூகத்துக்கு ஒழுக்கம் குடுக்கறோம்" என்று சொல்லிவிட்டு, சேர்க்காதவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்தார். எனக்கு ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவது என் அக்கா; அவள் காருக்கும் எங்கள் பாலிசிதான்.

அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்த மாதிரி எடுக்கிறவள். மாமா இறந்த பிறகு அந்தக் காரும் அந்த வேலையும்தான் அவளுக்கு. அவளிடம் அனுமதி கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்பாள். அதனால் அவள் அடுப்படியில் இருந்தபோது, அவள் போனில் 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தை நானே தொட்டேன். குடையை வண்டியில் விட்டுவிட்டேன் என்று சாவி வாங்கிக்கொண்டு போய்க் கருவியைச் செருகினேன். நல்ல வெயில் காலம். வெறுங்கையோடு திரும்பி வந்தேன். குடை எங்கே என்றுகூட அக்கா கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து நானே உளறிவிட்டேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது, "நேத்து பூங்கா ஓரமா இருபது நிமிஷம் வண்டியை நிறுத்தியிருக்கியே, என்னக்கா?" என்றேன். அக்கறையில் கேட்டதுதான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "உனக்கு எப்படிடா தெரியும்?"

சொன்னேன்.

"உக்காந்து அழுதுட்டிருந்தேன். அதுக்கும் மார்க் உண்டா?"

"அழுகைக்கு இல்லக்கா. இன்ஜின் ஓடிட்டிருந்தா ஒரு மார்க் குறையும்."

"டேய், ஊசி குத்தறதுக்கு முன்னாடி நான் 'குத்தட்டுமா'ன்னு கேக்கறேன். நீங்க கேக்காமலே உறிஞ்சறீங்களேடா. முதல்ல கழட்டு அதை."

கழற்றினால் 'ஒத்துழைக்காதவர்' என்று பதிவாகும், பாலிசி போகும், பாலிசி இல்லாத வண்டியை அவளுடைய பரிசோதனைக்கூடம் உள்ளேயே விடாது என்று பொறுமையாக விளக்கினேன். அப்போதே அவள் மதிப்பெண் ஐம்பத்தெட்டு. நான் பயமுறுத்தவில்லை, மேடம். தகவல்தான் சொன்னேன்.

ஐம்பத்தெட்டுக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட வாசல். பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்க அங்கே ஒரு பெரியவர் நிற்பார். விசில்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். விசிலை ஊதிவிட்டு, வண்டி வருகிறதா என்று பார்க்காமல், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை நுழைகிற மாதிரி நிதானமாகச் சாலையில் இறங்குவார். மாலை நான்கு மணிக்கு அக்கா மாதிரிகளோடு அந்த வழியாகத்தான் போக வேண்டும். தினமும் ஒரு திடீர் பிரேக். அவள் மட்டுமில்லை, எங்கள் வரைபடத்தில் அந்த வாசல் அம்மைக் கொப்புளம்போல் சிவந்து கிடந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. பிரிவுத் தலைவரிடம் போய், "சார், அங்க ஒரு வேகத்தடை போடச் சொல்லி நகராட்சிக்கு எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதினா யார் எங்க பிரேக் போடறாங்கன்னு வெளிய காட்டணுமேப்பா. வாடிக்கையாளரோட அந்தரங்கம் நமக்கு உயிர் மாதிரி" என்றார். கண்கூட லேசாகக் கலங்கியது. "ரோட்டைத் திருத்தறது நம்ம வேலை இல்ல. மிதிக்கிற காலைத் திருத்து."

திருத்தினேன். பேசுவதெல்லாம் பதிவாகிற அலுவலக போனிலிருந்து அக்காவிடம் பன்னிரண்டு முறை பேசினேன்.

"விசில்காரரைப் பாத்ததும் பதறாதக்கா. பிரேக்கைப் பூ மாதிரி தொடு. நீ நிக்கலன்னா அவர் நின்னுடுவார்."

"நிக்கலன்னா?"

"நிப்பார்க்கா. தினம் நூறு வண்டி பாக்கறவர்."

"என்னமோ, படிச்சவன் சொல்றே."

ஒரே மாதத்தில் எழுபத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். விசில்காரர் இரண்டு முறை பின்னால் தாவிக் குதித்ததாகச் சொன்னாள். "இந்த வயசுலயும் என்னா பாய்ச்சல்டா" என்று சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆக, முறை வேலை செய்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் தாவவில்லை. ஒரு குழந்தையின் பையைச் சரிசெய்யத் திரும்பியிருந்தாராம்.

அக்கா முதலில் போன் செய்தது எனக்குத்தான். "டேய், இவர் பேச மாட்டேங்கறார்டா" என்றாள். அவர் தலை அவள் மடியில் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை போனை வைக்காதே என்றாள். நடுவில் அவள் போனில் மணி ஒன்று ஒலித்தது. வாய்விட்டுப் படித்தாள்: "வாழ்த்துகள்! திடீர் பிரேக் இல்லாத உங்கள் முப்பதாவது பயணம்." பிறகு, "இது நீ அனுப்பினதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மைதான்; அது தானாகப் போகிற செய்தி. வாசகம் மட்டும் நான் எழுதியது.

பெரியவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் இருக்கைக்குத் திரும்பி, அக்காவோடு பேசிய பதிவுகளைத் தேடி அழித்தேன். பிறகு அறிக்கை எழுதினேன். 'பிரேக்கில் கால் பட்டிருக்கிறது, அழுத்தம் போதவில்லை, கவனக்குறைவு. ஓட்டுநர் சில வாரங்களுக்கு முன் வண்டியை ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் அழுதவர்; மனநிலை ஐயத்துக்குரியது.' அழுகை கருவியில் பதிவாகாது. அது அவள் எனக்குச் சோறு போடும்போது சொன்னது. பிரிவுத் தலைவர் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். அந்த அறிக்கையை வைத்துத்தான், மேடம், நீங்கள் அக்காவை உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

நேற்று பார்க்கப் போனேன். "உன் பேரை நான் எங்கயும் எடுக்கலடா. வேலை போயிடும்ல" என்றாள். நல்லவள்.

நீங்கள் இன்று அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது எனக்கு ஆச்சரியம்தான். பதினொன்றை அழித்திருக்கிறேன். பன்னிரண்டாவதைப் பிரிவுத் தலைவர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முன்மாதிரி உரையாடல் என்று எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பாராட்டியதையே என்னிடம் சொன்னதில்லை.

அந்தக் குரல் என்னுடையதுதான். அவளுக்குப் பதிலாகச் சம்மதித்தது நான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதே என்று ஒரு மாதம் பழக்கியது நான். விசில்காரர் இறந்தது என்னால் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முறையில் தவறில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூ மாதிரி தொடச் சொன்னேன். எப்போது அழுத்த வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா? அக்காவுக்கு அந்த நிதானம் போதவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

நீங்கள் கொடுத்த வாக்குமூலப் படிவத்தை நிரப்பிவிட்டேன். ஓட்டுநர் உரிம எண் என்ற கட்டம் காலியாக இருப்பது மறதியால் அல்ல. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.